முதுகை அளந்து வாங்குங்கள்

என் அப்பா பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டியவர். அவருடைய பேத்தி, என் அண்ணன் மகள், போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு குதிரை வாங்கினாள். சவாரிச் சாமான் வாங்க யோசனை கேட்டு அந்தமானில் டெலானிபூரில் இருக்கும் எனக்குத்தான் போன் செய்தாள்.

அப்பா காலத்தில் தோல் தைப்பவர் லாயத்துக்கே வருவார். குதிரையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கயிறு பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். அந்த முடிச்சுதான் அளவு. வார் தைத்து வந்ததும் மாட்டிப் பார்த்து, அடியில் விரல் விட்டு ஓட்டுவார். எங்கே இறுக்குகிறதோ அங்கே பிரித்துத் தைப்பார். அதற்காக அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. புது வார் வாங்கப் பணமில்லாதபோது கயிற்றைக் கட்டி ஓட்டினார்கள். அது உரசிய இடமெல்லாம் புண். துருப்பிடித்த கடிவாளத்தைத்தான் குதிரை மென்றது. ஓட்டுபவர் தலையில் துண்டு மட்டுமே.

இன்று எல்லாமே கைப்பேசியில். உலகமெங்கும் சேணம் அனுப்பும் கான்பூரில், 1860-களில் ஆங்கில அரசு ராணுவத்துக்காகத் தொடங்கிய தொழில் இன்றும் நடக்கிறது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கடிவாளம், எடை குறைந்த செயற்கைச் சேணம், சவாரி ஹெல்மெட் எல்லாம் வீடு தேடி வருகின்றன.

"சித்தப்பா, தள்ளுபடியில ஒரு செட் கிடைக்குது. வாங்கிடட்டுமா?"

"முதுகை அளந்தியாம்மா?"

அளக்கவில்லை. வளையும் கம்பி ஒன்றை எடுத்து, தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால் முதுகின்மேல் அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரையச் சொன்னேன். சேணம் அந்த வளைவில் உட்கார வேண்டும். நடுவே முதுகெலும்பில் படவே கூடாது. சவாரி செய்பவர் ஏறிய பிறகும் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கடிவாளம் வாயின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். குறுகினால் உதட்டோரத்தைக் கடிக்கும். அங்கவடிக்குள் பாதம் நழுவிச் சிக்காமல் இருக்கக் குதிகால் வைத்த பூட்ஸ் வேண்டும்.

பராமரிப்பை டெலானிபூர் எனக்குக் கற்றுத் தந்தது. அப்பாவின் தோல் லகானை இங்கே வைத்திருக்கிறேன். மே தொடங்கி டிசம்பர் வரை மழை. கொஞ்சம் அசந்தால் பச்சைப் பூஞ்சை படரும். துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவினால்தான் தோல் தோலாக இருக்கும். காய்ந்து வெடித்த வார் சவாரியின் நடுவே அறுந்தால் ஆள் கீழே.

அன்றைய சாமானைவிட இன்றைய சாமான் மேல். ஆனால் அன்று அளவெடுத்த கை இன்று கடையோடு வருவதில்லை. அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுந்திருக்கிறது. குதிரை வாங்கும் இளைஞர்களே, முதல் பணத்தை ஹெல்மெட்டுக்குக் கொடுங்கள்; பலமாக ஒருமுறை விழுந்தால் அதை மாற்றிவிடுங்கள். அடுத்த பணம் முதுகுக்குப் பொருந்தும் சேணத்துக்கு. நிறமும் குஞ்சமும் மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.