பழையன கோடலும் புதியன கோடலும்: பாண்டூன் படகியல் குறித்து ஓர் ஆராய்ச்சி

இரண்டு அலுமினியக் குழாய்கள், குழாய்களின்மேல் ஒட்டுப்பலகைத் தளம், தளத்தின்மேல் சோபா, சோபாவின்மேல் ஒரு குடும்பம், எல்லாவற்றுக்கும் பின்னால் தொங்கும் ஓர் எஞ்சின். பாண்டூன் படகின் இலக்கணம் இவ்வளவே. மூலம் இத்தனை சிறிதாக இருந்தால் உரை பெருகுவது இயல்பு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஏதாவதொரு படகுத்துறைக்குப் போய், புதுப் படகு வாங்கலாமா பழையது வாங்கலாமா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நில்லுங்கள். இருட்டும்வரை உரை நடக்கும். அவ்வகை உரைகளைத் தொகுத்து, ஒன்றோடொன்று மோதுவனவற்றை விலக்கி, கூடியவரை நடுநிலையோடு எழுதப்பட்டது இச்சிற்றாய்வு. நடுநிலை எங்கே முறிகிறது என்பதை வாசகர் தாமே கண்டுகொள்வர்.

முன்னோர் வணக்கம் முதலில். மிதவைக்காகக் கலங்களை மொத்தமாகத் திரட்டியவர்களில் பாரசீகப் பேரரசன் செர்க்சீஸைத் தாண்டி ஆள் கிடையாது. கி.மு. 480இல் கிரேக்கத்தின்மேல் படையெடுத்தபோது ஹெலஸ்பான்ட் நீரிணையின் குறுக்கே இரண்டு மிதவைப் பாலங்கள் அமைத்தான். ஒன்றுக்கு 360 கலங்கள், மற்றதற்கு 314 என்று ஹெரோடோட்டஸ் கணக்குக் கொடுக்கிறார். எல்லாம் போர்க்கலங்கள்; பாலமாகப் படுத்துக்கிடக்கக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே வேறு வேலை பார்த்த படகை வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் மரபை அவனிடமிருந்து தொடங்குவதில் பிழையில்லை. அதற்கு முன்பு கட்டிய பாலங்களைப் புயல் சிதைத்தபோது, கடலுக்கு 300 கசையடி கொடுக்க ஆணையிட்டான். கட்டியவர்களின் தலைகளையும் வாங்கினான். உத்தரவாதக் காலத்துக்குள் பொருள் பழுதானால் வாடிக்கையாளர் என்ன செய்யலாம் என்பதற்கு இத்துறையில் இதைவிடத் தெளிவான பழஞ்சான்று வேண்டியதில்லை.

ஏரியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே ஒரு கலம் தோன்ற அதன்பின் 2,400 ஆண்டுகள் ஆயின. மினசோட்டாவின் ரிச்மண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆம்புரோஸ் வீரஸ், 1950களின் தொடக்கத்தில், இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து இரண்டு நீள உருளைகளாக்கி, மேலே மரத்தளம் போட்டு, பக்கத்திலிருந்த ஹார்ஸ்ஷூ ஏரியில் விட்டார். கவிழவில்லை. இத்துறையின் ஆதிநூல் அந்தப் பீப்பாய்கள்தான். பின்வந்தவை எல்லாம் வழிநூல்கள். 2018இல் பொலாரிஸ் நிறுவனம், பென்னிங்டன் என்ற பாண்டூன் பெயரைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தை 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது என்றால் வழிநூல்களின் வளத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இனித் திணை வகுக்க வேண்டும். பாண்டூனுக்குரிய நிலம் ஏரியும் ஏரி சார்ந்த இடமும். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மினசோட்டாவில் மட்டும் 11,842 உள்ளனவாதலால் நிலத்துக்குப் பஞ்சமில்லை. பெரும்பொழுது மே முதல் செப்டம்பர், சிறுபொழுது எற்பாடு. கருப்பொருள்களில் புள் மாநிலப் பறவையான லூன்; மீன் வால்ஐ; பறை பக்கத்துப் படகின் ஒலிபெருக்கி; தொழில் சாய்ந்திருத்தல். தெய்வம் மெர்க்குரி எஞ்சின்; யமஹாவை வழிபடுவோரும் உளர். உரிப்பொருள், விலைபேசலும் விலைபேசல் நிமித்தமும்.

இந்த ஆய்வின் கருதுகோளை இங்கேயே வைத்துவிடுகிறேன். பாண்டூன் என்பது நீரில் இறக்கிய திண்ணை. திண்ணை பார்க்கப் போனவர் வழவழப்பைத் தடவிப் பார்ப்பாரேயொழிய அஸ்திவாரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. படகுக்கடையிலும் அதே கதை. கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்த குடும்பம் நேராகச் சோபாவில் போய் அமர்கிறது, கோப்பை வைக்கும் குழிகளை எண்ணுகிறது, நீல விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறது, பையன் சுக்கானைத் திருப்புகிறான், விலை படிகிறது. கீழே இரண்டு குழாய்கள் இருப்பது எவர் நினைவிலும் இல்லை. விற்பவர் நினைவூட்டுவதுமில்லை. கெடக்கூடியதும், கெட்டால் பணத்தை விழுங்குவதும், நீரோடு உறவாடுவதும் எல்லாம் கண்ணுக்குப் படாத பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே படகுத் தேர்வு குனிந்தே நடைபெற வேண்டும்.

குனிந்தால் தெரிவது கணக்கு. 25 அங்குல விட்டமும் 20 அடி நீளமும் உள்ள இரு குழாய்கள் முழுதும் மூழ்கினால் ஏறத்தாழ 3.8 டன் நீரை விலக்கும். முழுதும் மூழ்குவது படகுக்கு அழகன்று. பாதி மூழ்கி நிற்பதே ஒழுங்கு. ஆக 1.9 டன். இதில் படகின் உடம்பும் எஞ்சினும் ஒரு டன்னுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள சுமார் 800 கிலோவில், தலைக்கு 75 கிலோ என்று வைத்தால் பத்துப் பேர் ஏறலாம். பதினொன்றாவது நபர் ஐஸ்பெட்டி. படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகடு இதைவிடத் தாராளமாகச் சொல்லக்கூடும். அந்தத் தகட்டை எழுதியவர்கள் சின்னம்மா வீட்டாரும் கூட வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இரு குழாயா முக்குழாயா என்பது இத்துறையின் துவைத, திரைத வாதம். மூன்றாவது குழாய் நடுவில் வரும், கனம் தாங்கும், அலையை அறுக்கும், பெரிய எஞ்சினை ஏற்கும், விலையையும் இழுவண்டியின் பளுவையும் சேர்த்தே ஏற்றும். 14,000 ஏக்கருக்கு மேல் விரிந்த மினடோங்கா ஏரியில் கோடை ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் கிளப்பும் அலையில் இரு குழாய்ப் படகு மூக்கைத் தண்ணீரில் குத்தும். முன்சோபாவில் இருப்பவர் குளித்துவிட்டு எழுவார். அங்கே முக்குழாய் நியாயம். சின்ன ஏரியில், தூண்டிலும் பேத்திகளுமாகக் கரையோரம் ஊர்பவருக்கு மூன்றாவது குழாய் ஏன்? வேகம் வேண்டாதவருக்கு வேகத்தை விற்பதில் கடைக்காரர்கள் அடைந்திருக்கும் தேர்ச்சி தனி நூலாக எழுதத் தக்கது. 

புதுப் படகு பற்றிச் சொல்லக் கொஞ்சமே உண்டு. பணம் கொடுத்தால் தருவார்கள். 30,000 டாலர் அளவில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறவையும் உள. கடையில் கேட்க வேண்டியவை மூன்று: தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24 அங்குலத்துக்கு ஒன்றா; குழாய் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறதா; சோபாவின் அடிச்சட்டம் மரமா, வார்த்த பிளாஸ்டிக்கா. இவற்றைக் கேட்டதும் விற்பனையாளரின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். மெய்ப்பாட்டியலார் அதனை மருட்கையுள் அடக்குவர்.

பழைய படகே ஆய்வுக்குரியது. ஆய்வு விளம்பரத்தில் தொடங்குகிறது. படகு விற்பவரின் விளம்பரம் செறிவான பனுவல். உரையின்றிப் பொருள் விளங்காது. 'கடைசியாக ஓட்டியபோது நன்றாக ஓடியது' என்று ஒரு விளம்பரம் வந்தால், 'கடைசியாக' என்றதனால் அதன்பின் ஓட்டாமையும், 'ஓடியது' என்று இறந்தகாலத்தால் கூறினமையின் இப்போது ஓடாமையும் பெறப்படும். 'ரேடியோ பிரமாதம்' என்று இருந்து எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாயின், அது நன்னூலார் கூறும் உத்தி முப்பத்திரண்டனுள் உய்த்துணர வைப்பு. 'சின்னச் சின்ன வேலை இருக்கிறது' என்றால் தளப்பலகை போய்விட்டது என்பது குறிப்பு. 'புதுக் கம்பளம் விரித்தது' என்றால் தளப்பலகை போனது தெரியாமலிருக்க விரித்தது என்றும் உரைப்பர். 'மனைவி விற்கச் சொல்கிறாள்' என்பதற்கு மட்டும் உரையாசிரியர் அனைவரும் ஒருமுகமாக நேர்ப்பொருளே கொள்கின்றனர்.

விளம்பரத்துக்கு அடுத்தது கல்வெட்டியல். குழாயின்மேல் ஏரிப்பாசி படிந்து ஒரு பழுப்புக் கோடு ஓடும். துலக்கித் துடைத்திருந்தாலும் சுவடு நிற்கும். படகு ஆண்டுக்கணக்கில் எப்படி மிதந்தது என்பதை அது பொய்யின்றிச் சொல்லும். இரு பக்கமும் கோடு ஒரே உயரத்தில் இருந்தால் வாழ்க. ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் அந்தக் குழாய்க்குள் நீர் புகுந்த காலம் ஒன்று உண்டு. அப்போது குழாயில் மெல்லக் காற்றேற்றி, பற்றவைத்த விளிம்புகளில் சோப்பு நீர் தடவச் சொல்ல வேண்டும். குமிழி வந்த இடத்தில் விலை இறங்கும். வேகமாகக் காற்றேற்றினால் படகு இறங்கிவிடும், ஆதலால் மெல்ல.

இரண்டாவது கல்வெட்டு, 12 எழுத்துகள் கொண்ட அடையாள எண். முதல் மூன்றும் செய்தவரைக் குறிக்கும். கடைசி இரண்டு எண்ணும் எந்த ஆண்டின் மாதிரி என்பதைக் குறிக்கும். '2015 மாடல்' என்று வாயால் சொல்லப்படும் படகு, எண்ணில் 09 என்று முடிவது உண்டு. இதில் அமெரிக்கச் சட்டம் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. பெரும்பாலான படகுகளுக்கு எண் உடம்பிலேயே இருக்க, குழாய்களை எளிதில் கழற்றி மாற்றத்தக்க பாண்டூனுக்கு, பின்புறக் குறுக்குச் சட்டத்தில், வலக் குழாய் சேரும் இடத்துக்கு ஓர் அடிக்குள் பொறிக்கச் சொல்கிறது. குழாய் மாறினாலும் படகு மாறாது. அதன் ஆன்மா சட்டத்தில் இருக்கிறது என்பது சட்டத்தின் சித்தாந்தம்.

தளத்தைக் குதிகாலால் படிக்க வேண்டும். வாசற்கதவு ஓரத்திலும் எஞ்சினுக்கு முன்னாலும் அழுத்தி மிதித்துப் பார்த்தால், நல்ல பலகை வாய் திறக்காது, உளுத்தது உள்வாங்கும். அப்படியே சோபாவின் இருக்கைகளையும் தூக்கிப் பார்க்கவும். ஐந்தாறு குளிர்காலம் உறையின்கீழ்ச் சும்மா நின்ற படகில், உயிர்காப்பு அங்கியின் பஞ்சைப் பிடுங்கி எலி குடும்பம் நடத்தியிருக்கும்.

எஞ்சினுக்கு வருவோம். பழைய படகின் விலையில் பெரும்பங்கு அதில் இருப்பதால் இங்கே அவசரம் கூடாது. நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஒரு நாடகம் நடந்து முடிந்துவிட்டது. நாளை வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுவது நல்லது. எஞ்சினின் உண்மைக் குணம் குளிர்ந்த நிலையில் முதல்முறை கிளம்பும்போதுதான் தெரியும். கீழ்ப்பகுதிப் பற்சக்கர எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்க்க, அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தால் எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும்; பெரிய எண்ணா சிறிய எண்ணா என்பதைவிட ஒற்றுமையே முக்கியம். ஓடும்போது பின்னால் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். அது நின்றால் குளிர்விக்கும் நீர் ஓடவில்லை. பத்து ஆண்டு பழைய எஞ்சின் மிகக் குறைவான மணிநேரமே ஓடியது என்று பெருமை பேசினால் மகிழ வேண்டாம். ஓடாமல் நின்ற எஞ்சினில் பெட்ரோல் பிசினாகிவிடும், ரப்பர் வெடித்திருக்கும். மிதமாக, ஆண்டுதோறும் ஓடியதே நலம். என் ஓட்டும் இதற்கே: எட்டுப் பத்து வயதுள்ள படகு, ஒழுங்காக ஓடிய நான்கு வீச்சு எஞ்சின், இருபுறமும் ஒத்த கோடு, கிழிந்த சோபா. கிழிந்த சோபாவைக் கண்டு மற்றவர்கள் விலகிப் போவதே அதன் சிறப்பு. மெத்தையை மாற்றலாம்.

விற்பவர் 'லிஃப்டையும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். ஏரியில் படகைத் தூக்கி நிறுத்தும் அந்தச் சட்டகத்தில் ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரைச் சிப்பி ஒட்டியிருக்கக்கூடும். ஒரு நீர்நிலையிலிருந்து எடுத்த லிஃப்டை இன்னொன்றில் இறக்குமுன் 21 நாள் உலரவைக்க வேண்டும் என்பது மினசோட்டாச் சட்டம். அந்த 21 நாளும் அது உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லித் தீராது.

எஞ்சியிருப்பது காலவியல், இத்துறையின் தீராத முரண். படகு விலை உச்சத்தில் நிற்பது மே, ஜூனில். அப்போதுதான் ஏரியில் ஓட்டிப் பார்க்க முடியும். விலை தாழ்வது குளிர்காலத்தில். அப்போது ஏரி உறைந்து, படகு நிற்கும் இடத்தில் கார் ஓடும். பார்க்க முடிந்தால் வாங்க முடியாது. வாங்க முடிந்தால் பார்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அக்டோபரில், நீர் இன்னும் திரவமாக இருக்கும்போது, விற்பவர் குளிர்காலக் கொட்டகை வாடகையை நினைத்துப் பெருமூச்சு விடும் வாரங்கள் அவை. 'ஏரியில் இறக்கி ஓட்டிக் காட்டினால் முழுத்தொகையும் இன்றே' என்று முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். எஞ்சின் உறையை எங்கோ கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னவரும் தேடி எடுத்துவிடுவார். போகும்போது கம்பளிக் குல்லாயும் கையுறையும் மறக்க வேண்டாம். தலைக்குமேல் பிமினி என்று ஒரு துணிப்பந்தல் இருக்கும். அது வெயிலுக்கு மட்டும்.