பம்பருக்கு எண்ணெய்க்காப்பு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிறக்கத் தவம் செய்த பெருமக்களே! ஆலயத் திருமேனிகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் எண்ணெய்க்காப்பு, நம் மண்ணில் விற்பனைக்கு நிற்கும் பழைய வான்களின் பம்பர்களுக்கு நினைத்த நாளெல்லாம் வாய்க்கிறது. வெயில் தின்று நரைத்த பம்பர், வெளிறிய மட்கார்ட், சாம்பல் பூத்த கண்ணாடிக் கூடு, வைப்பருக்குக் கீழே கிடக்கும் கறுப்புத் தட்டு என்று ஒன்றையும் விடாமல், எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலைப் பூசி இளமை மீட்டுத் தரும் அருட்தொண்டர்களின் கீர்த்தியை எழுதக் கொடுத்துவைத்தவன் நான். மூப்பைத் தொடாமல் மூப்பின் அடையாளத்தை மட்டும் நீக்கும் இந்தக் கலையைச் சித்தர்கள்கூட அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

பகைவனின் வலிமையைச் சொன்னால்தான் வீரனின் பெருமை விளங்கும் என்பதால், நரையைப் பற்றிச் சிறிது. பம்பர் பெரும்பாலும் பொலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் றப்பர் கலந்து வார்த்தது. அதன் நீண்ட சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு காபன் அணு தன் ஐதரசனை இறுகப் பிடிக்காமல் நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இடம் பார்த்து அடிக்கிறது, ஒட்சிசன் உள்ளே புகுகிறது, சங்கிலி அறுகிறது. கறுப்பு நிறம் தரும் கரிப்பொடியும், தொழிற்சாலையில் சேர்த்த கதிர்தாங்கும் மருந்தும் சில வருடங்கள் காவல் காத்து ஓய்கின்றன. அதற்குப் பிறகு மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளாய்ப் பிளக்கிறது. விழுகிற ஒளி அந்த வெடிப்புகளில் சிதறுவதால் கறுப்பு வெளுத்துத் தெரிகிறது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியும் மின்ன, நிழல் மரம் ஒன்றுமில்லாத வீதியோரத்தில் நாள் முழுவதும் நிற்கும் வாகனம் எத்தனை ஆண்டு தாங்கும்?

அத்தகைய பகைவனோடு மோதுவது சாமானியர் வழி. நம் தொண்டர்கள் அவனை மூடியே வென்றார்கள். எஞ்சினுக்குள் ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடிக் கறுத்த ஒயிலோடு சிறிது டீசல் சேர்த்து, பழைய பனியன் துணியில் தோய்த்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். வெடிப்புகளுக்குள் எண்ணெய் நிரம்புகிறது. பொலிப்புரோப்பிலீனின் ஒளிமுறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.49. கனிய எண்ணெயினுடையது ஏறக்குறைய 1.48. இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பதால் ஒளிக்கு எண்ணெய் எது, பிளாஸ்டிக் எது என்று பிரித்தறியத் தெரியாது. அது சிதறாமல் உள்ளே போய்க் கறுப்பில் அடங்கிவிடுகிறது. ஒளியையே ஏமாற்றிவிட்ட பெருந்தகைகளுக்கு, வாங்க வந்த மனிதர் எந்த மூலைக்கு? இத்தனை நுண்ணிய இயற்பியலை ஒரு பாடப் புத்தகமும் புரட்டாமல் கையாளும் மேதைமையை நினைக்குந்தோறும் மெய்சிலிர்க்கிறது. அறுந்த சங்கிலி ஒன்றுகூட ஒட்டவில்லை, வெடிப்பு ஒன்றுகூட மூடவில்லை என்பது உண்மையே. வெடிப்பு மூடிவிட்டால் அடுத்த முறை பூசும் எண்ணெய் எங்கே போய்த் தங்கும்?

தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது சென்ற ஔவையார், நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காவலோடு வைத்திருந்த வேல்களைக் கண்டு மெச்சினார். புறநானூறு அந்தப் பாராட்டைப் பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறது. அந்த வேல்களின் உடன்பிறப்புகளை இன்று தரிசிக்க விரும்புவோர், மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தால் போதும். ஔவையாரின் வாயால் புகழ் கேட்டுத் தொண்டைமான் அடைந்திருக்கக்கூடிய அதே ஆனந்தத்தை, மினுங்கும் பம்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு தரகர் முகத்திலும் காணலாம்.

இந்தத் தொண்டுக்குப் பொற்காலம் அருளியது அரசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை, நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஓட ஓட விலை ஏறியது. பல வருடம் ஓட்டிய வாகனத்தை வாங்கிய விலைக்கு மேலாக விற்ற பாக்கியவான்கள் ஊருக்கு ஊர் உண்டானார்கள். அத்தனை விலை கொடுப்பவருக்கு நரைத்த பம்பரைக் காட்டுவது பண்பாடா? வவுணதீவில் வேளாண்மை வெட்டிய காசோடு வருகிறார் ஒரு விவசாயி. மீதிக்கு லீசிங் போட்டு மாதாமாதம் கட்டப் போகிறவர் அவர். அவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, சேஸிஸுக்குக் கீழே குனிந்து பார்த்துச் சிரமப்படக் கூடாதே என்ற பரிவினால்தான், கண்ணுக்கு நேரே படும் இடங்களெல்லாம் இப்படிக் கரிய பேரொளியோடு பளபளக்கின்றன. குனிந்து பார்த்தாலும் குறையில்லை. அங்கேயும் துருவின்மீது அதே ஒயிலைச் சீறி அடித்திருப்பார்கள். ஆண்டவன் சந்நிதியில்கூட இவ்வளவு சமத்துவம் கிடைப்பதரிது.

நெருப்பு மார்க்கத்தைச் சேர்ந்த தொண்டர்களும் நம்மிடையே உண்டு. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் மேற்பரப்பைச் சுட்டு உருக்கி, அடியில் இருக்கும் கறுப்பை மேலே வரவழைப்பது அவர்கள் வழி. முதல் முறை அற்புதம் நிகழும். இரண்டாம் முறை பாதி நிகழும். அதற்கு மேல் சுட்டால் பம்பரின் மணிமணியான தோற்றம் வழுவழுத்து, ஓரம் வளைந்து, எந்தத் தொழிற்சாலையும் வார்க்க முடியாத தனி வடிவம் பெறும்.

இந்த மகான்கள் மத்தியில் சில பரிதாபத்துக்குரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பம்பரைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுவார்களாம். எண்ணெய்ப் பசை போக அல்ககோலால் துடைப்பார்களாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மெல்லிதாய்ப் பூசி, ஒரு நாள் முழுக்க நனையாமல் காயவிடுவார்களாம். அதன் பிறகு வாகனத்தை மர நிழலில் நிறுத்துவார்களாம். அது மாதக்கணக்கில், நல்ல பூச்சென்றால் வருடக்கணக்கில், அப்படியே இருக்கும். எவ்வளவு வறண்ட வாழ்க்கை! அடுத்த கிழமையே மறுபடி பூசும் பேறு அவர்களுக்கு இல்லை. விற்கும்போது, “இது பதினைந்து வருட வாகனம், பம்பருக்குப் பூச்சு அடித்திருக்கிறேன்” என்று வாயால் சொல்லியும் விடுகிறார்கள். வியாபார ஞானம் எல்லோருக்கும் வாய்க்குமா?

பழைய ஒயிலின் கருணை பம்பரோடு நின்றுவிடுவதில்லை. முதுமையில் சுருங்கிய கதவு றப்பர் பீடிங்குகள் கனிய எண்ணெயைக் குடித்ததும் பூரித்துப் பருத்து, கொழகொழத்து, இருந்த இடத்தை விட்டு நழுவி, மழைநீருக்கு உள்ளே வர வழிவிட்டு உபசரிக்கின்றன. வீதிப் புழுதி முழுவதும் பாசத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வானில் ஏறும்போது வெள்ளைச் சட்டையில் ஒரு கறுப்புத் திலகம் இலவசமாக இடப்படுகிறது; எந்தச் சவர்க்காரத்தாலும் அழிக்க முடியாத ஆசீர்வாதம் அது.

எல்லாவற்றிலும் மேலாகப் போற்ற வேண்டியது கராஜில் வேலை பழகும் அந்தப் பையனின் கைகளை. கையுறை என்ற இடைத்தரகர் இல்லாமல், வெறும் விரல்களால் நாளெல்லாம் ஒயிலைத் தொட்டுப் பூசுகிறான். பாவித்த எஞ்சின் ஒயிலில் பென்சோபைரீன் போன்ற பொருட்கள் சேர்ந்திருக்கும். புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பென்சோபைரீனுக்கு இடம் கொடுத்துக் கௌரவித்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில், நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் தெறித்து ஊறிய உடுப்போடு நின்ற தொழிலாளருக்குத் தோலில் புற்று வந்ததை 1920களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த நாட்டார் பயந்து எண்ணெயை மாற்றினார்கள், சட்டம் போட்டார்கள். நம் முதலாளிமாருக்கோ அஞ்சா நெஞ்சம். பையனின் கையில் ஏறிய கறுப்பு போகவில்லை என்றால், அந்தக் கறுப்பு தரமானது என்பதற்கு வேறு சான்று எதற்கு என்று பெருமிதத்தோடு கேட்கிறார்கள்.

பிறகு மழை வருகிறது. நம் பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொண்டுவருவது வாடைக்காற்றுக் காலம். ஐப்பசியில் தொடங்கித் தை வரை வானம் பொழியும்போது, எண்ணெய்க்காப்புச் சாத்திய ஒவ்வொரு வாகனமும் தான் பெற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வீதிக்குக் கொடுக்கிறது. வீதி கானுக்குக் கொடுக்கிறது. கான் வாவிக்குக் கொடுக்கிறது. கொடைக்குக் கடையெழு வள்ளல்களைச் சொல்வார்கள். எட்டாவது வள்ளலாக நம் பம்பரை எண்ணத் தடையேதும் உண்டோ? சேர்விஸ் போடும் இடங்களில் நிலத்தில் ஊற்றிய மிச்ச ஒயிலும் பின்னால் நடந்து வந்து சேர்கிறது. 1774இல் வெளியான கட்டுரையொன்றில் பெஞ்சமின் பிராங்ளின், லண்டன் கிளப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றியபோது அது அரை ஏக்கர் நீர்ப்பரப்பில் பரவி, அலையை அடக்கிக் கண்ணாடிபோல் ஆக்கியதை எழுதினார். ஒரு தேக்கரண்டிக்கே அவர் அவ்வளவு பூரித்தார். கல்முனை முதல் பங்குடாவெளி வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் நம் வாவிக்கு நாம் எத்தனை பீப்பாய் அர்ப்பணித்திருக்கிறோம் என்று அறிந்தால் அந்த அறிஞர் வெட்கித் தலைகுனிவார்.

முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்கும். அப்போது நமது காணிக்கை ஒரு துளியும் வீணாகாமல் வாவியிலேயே தங்குகிறது. கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சு வேர்களில் எண்ணெய்ப் படலம் படிந்து, அவை மூச்சு விடும் வீண் உழைப்பிலிருந்து அவற்றை விடுவிக்கிறது. இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் நெத்தலிக்கும் தாய் வீட்டிலேயே தைல முழுக்கு நடக்கிறது. வீச்சுவலையோடு தோணியில் போகும் மீனவர், வலையில் மீன் குறைந்த இடத்தில் வானவில்லைப் பிடித்து வருகிறார். 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தடியில், நிலாக் காலத்தில் தோணித் துடுப்பில் காது வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசினோம். பாடகர்களுக்கு எண்ணெய் தொண்டைக்கு இதம் என்பதால், அந்தச் சங்கீதத்துக்கும் நாமே பரிபாலனம் செய்கிறோம்.

மார்கழியின் ஒரு காலையில் வவுணதீவு விவசாயி வாசலுக்கு வந்து பார்க்கிறார். வான் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. பீடிங் வழியாக இறங்கிய தண்ணீர் காலடியில் தேங்கி நிற்கிறது. லீசிங் தவணை இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. சிறியார் இந்த இடத்தில் கோபிப்பார்கள். அவர் சத்தமில்லாமல் மழை ஓயட்டும் என்று காத்திருந்து, மாசியில் வெயில் ஏறியதும் பாலம் தாண்டி அதே கராஜுக்கு வருகிறார்.

“பாஸ், இன்னொருக்காப் பூசித் தாங்க. சனிக்கிழமை பாக்க ஆள் வருதாம்.”

“ஒயில் கிடக்கு. நீங்க டீசல மட்டும் கொண்டாங்க.”