பந்துக்கு ஓர் ஆள்: வடசென்னை ஆட்டக்காரர் பரிமாற்றம் குறித்து ஓர் ஆய்வு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 14 நள்ளிரவில் காசிமேட்டில் வேகப்பந்து வீச்சாளர்களின் விலை ஏறுகிறது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, தெருவுக்கு நாலு பவுலர் சும்மா இருப்பார்கள். தடை முடிந்து படகு கிளம்பியதும், ராயபுரத்து டீம்கள் ஸ்பின்னை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். எண்ணூர்ப் பக்கம் இதே வேலையைத் தொழிற்சாலை செய்கிறது. நைட் ஷிப்ட் முடித்தவன் ஞாயிறு காலை பெட் மேட்சில் ஸ்லிப்பில் நின்றபடியே தூங்குவான். அவனை எதிர் டீமுக்கு விட்டுக்கொடுப்பதற்குப் பெருந்தன்மை என்று பெயர்.

ஆட்டக்காரனின் விலையை எது நிர்ணயிக்கிறது? திறமை என்பார்கள் பாமரர். இவ்வாய்வாளனின் கருதுகோள் வேறு: கொடுக்கிற டீமிடம் அந்த நேரத்தில் எது இல்லையோ, அதுதான் விலை.

இதற்கான சான்று கடல் கடந்து, பேஸ்பாலில் கிடைக்கிறது. 1920-இல் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூர் அணி, லெஃப்டி குரோவ் என்ற இளைஞனைப் பால்டிமோர் அணிக்கு விற்றது. மைதான வேலிக்குப் பணம் தேவைப்பட்டதாம். சில ஆண்டுகளில் அதே குரோவுக்குப் பிலடெல்பியா அணி 1,00,600 டாலர் கொடுத்தது. அந்த 600 எதற்கு? 1919 கடைசியில் பேப் ரூத்தை நியூயார்க்குக்கு விற்றபோது பேசப்பட்ட விலை ஒரு லட்சம்; அதைத் தாண்டிக் காட்ட வேண்டும். நம் கல்யாணங்களில் பங்காளி 1,000 எழுதினால் நாம் 1,001 மொய் எழுதுகிற அதே மனசு.

கருதுகோள் நம் காலத்துக்கும் பொருந்துகிறது. 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. தோனிக்குப் பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் யார் என்ற கேள்வி எத்தனை வருடமாகத் தொங்கியதோ, அத்தனை வருடத்துக்கும் வட்டி சேர்ந்த விலை அது.

வேலி விவகாரம் எங்களுக்குத் தலைகீழ். சுவர் ஏராளம், பந்துதான் இல்லை. துறைமுகச் சுவரைத் தாண்டிய பந்து ஏற்றுமதிக் கணக்கில் சேரும். 1946-இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., வளர்ந்து சச்சினின் பேட்வரை போய்விட்டது. நாங்களோ ஒரு ரப்பர் பந்துக்குத் தலைக்கு ஒரு ரூபாய் வசூலித்துக்கொண்டிருந்தோம்.

சரக்கின் தரவரிசைக்கு வருவோம். பேட்டின் சொந்தக்காரன் பரிமாற்றத்துக்கு அப்பாற்பட்டவன். காஜி என்றால் பேட்டிங்; அவன் அடிக்கும் ஓசி காஜியை எந்த கேப்டனும் தட்டிக் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு அன்றைய நிலவரப்படி விலை. அடியில் ஒப்புக்குச் சப்பாணி. அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, அடித்த ரன்னும் ரன் இல்லை. ஆகவே மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தையும் விற்கலாம் என்பதற்கு இவ்வாய்வாளனே சாட்சி.

அன்று எங்கள் பந்து சுவர் தாண்டியது. எதிர் டீமிடம் புதுப் பந்து இருந்தது, ஓர் ஆள் குறைந்தது. கேப்டன் அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, இன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் நில்லுடா."

"காஜி உண்டாண்ணே?"

"அத்த அவங்களாண்ட கேட்டுக்கோ."

பந்து இந்தப் பக்கம் வந்தது, நான் அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது பாலிலேயே அந்தப் பந்தும் சுவர் தாண்டிப் போனது. கொடுத்த பண்டம் அழிந்தபின் வாங்கிய ஆள் யாருக்குச் சொந்தம் என்று இரு கேப்டன்களும் அரைமணி நேரம் வாதாடினார்கள். இரண்டு பேருமே நான் மற்றவருக்குச் சொந்தம் என்றார்கள். கடைசியில் என்னை அம்பயராக்கினார்கள்.