பவழமும் பாதாம்பாலும்

ராஜா அண்ணாமலைபுரத்திலும் இரவு வாழ்க்கை உண்டு. எட்டரைக்கு ரசம் சாதம், ஒன்பதுக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு 'கேஸை மூடினோமா' என்ற சந்தேகம். அதோடு ஊர் அடங்கிவிடும். அதனால்தான், 'யூதர்களின் மெட்ராஸும் இரவு உலாவும், வேன் உண்டு' என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டியபோது நான் பிற்பாதியை மட்டும் படித்துவிட்டுப் பெயர் கொடுத்தேன். வீட்டில் அனுமதியும் கிடைத்தது. அம்மணியும் உடன் வருவாள் என்ற நிபந்தனையோடு.

இரவு வாழ்க்கை இடுகாட்டில் தொடங்கியது. அவ்வை சண்முகம் சாலையில், அதாவது லாயிட்ஸ் ரோட்டில், யூதர்களின் சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தங்கசாலைப் பக்கம் இருந்த பழைய கல்லறைக் கற்கள் கடைசியாக 1983இல் இங்கே வந்து சேர்ந்தனவாம். செத்த பிறகும் வீடு காலி பண்ணச் சொல்கிற ஊர்!

அங்கே சங்கச் செயலாளர் கதையைத் தொடங்கினார். ஜாக் டி பைவா என்ற போர்த்துகீசிய யூதர் வைர வியாபாரி. கோல்கொண்டா சுரங்கம்வரை போனவர், 1687இல் காலமானார். வேளச்சேரிக்குப் போவதற்கே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துக்கொள்கிற நான் மரியாதையாகத் தலை குனிந்தேன்.

பைவாவின் மனைவி ஹிரோனிமா பிறகு கவர்னர் எலிஹு யேலோடு வாழ்ந்தார் என்று செயலாளர் சொன்னதும், அதுவரை கொசு அடித்துக்கொண்டிருந்த பெண்கள் அணி முன்வரிசைக்கு வந்துவிட்டது. அந்த யேல்தான் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு மன்னர் படமும் கொடுத்தார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. 1718இல் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்கள் அடுக்ககத்து நூலகத்துக்கு நானும் ஒரு மூட்டை பழைய வாரப் பத்திரிகை கொடுத்தேன். அலமாரியில் என் பெயர் இல்லை. 'பழைய பேப்பர் போடாதீர்' என்று அறிவிப்புதான் இருக்கிறது.

அடுத்து ஜார்ஜ் டவுன், பவழக்காரத் தெரு. மத்தியதரைக் கடல் பவழம் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து லண்டன் வழியாக யூத வியாபாரிகள் கைக்கு வரும். பதிலுக்கு இங்கிருந்து வைரம் கப்பலேறும். 1688இல் தொடங்கிய மெட்ராஸ் கார்ப்பரேஷனில் அவர்களில் சிலர் ஆல்டர்மேன்களாகவே உட்கார்ந்தார்கள்.

செவ்வாய் தோஷத்துக்காக எனக்குப் பவழ மோதிரம் மாட்டிவிட்ட அம்மணி கணக்குப் போட்டாள்: "பவழத்தைக் குடுத்துட்டு வைரத்தை வாங்கிட்டுப் போயிருக்கான். நம்ம பக்கம் பேரம் பேசப் போனது உங்க தாத்தாவாத்தான் இருக்கும்."

கடைசியில், நான் காத்திருந்த இரவு உலா. சௌகார்பேட்டைச் சந்தில், மாடுகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே நின்று சூடான ஜிலேபி, பாதாம்பால். அவரவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஆண்கள் அனைவரும் இரண்டாவது ஜிலேபியை விழுங்கினோம். கேளிக்கை அதன் உச்சத்தை எட்டியது.

வீடு திரும்பும்போது கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "என்ன சார், இந்நேரம்வரைக்கும் எங்க சுத்திட்டு வர்றீங்க?" என்றார். இந்தக் கேள்வியை இளமையில்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்து ரூபாய் கொடுத்து, இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாகக் கேட்கச் சொன்னேன்.