ஞாவல் அண்ணன்

எங்கள் பக்கத்தில் நாவல் பழத்துக்கு ஞாவல் என்று பெயர். அம்பூரிச் சாயாக்கடையில் ஒருநாள் அண்ணன் கட்டன் சாயாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "நான் ஒரு நாவல் எழுதப்போறேன்" என்று அறிவித்தார். பால்வெட்டு முடித்து வந்து புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "ஞாவலா? இப்ப சீசன் இல்லியே" என்றார். அன்று விழுந்த பெயர் ஞாவல் அண்ணன். நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஊருக்கு ஒரு ஞாவல் அண்ணன் உண்டு. பாறசாலைப் பக்கம் இரண்டு பேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நான் சொல்வது எங்கள் ஊர்ப் பதிப்பு.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ், கோபம் வந்தால் இரண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுகொண்டது. தமிழ் இலக்கியத்தில் தமக்கு நேர்ந்த தாமதத்துக்கெல்லாம் அந்தக் கோடுதான் காரணம் என்பது அண்ணனின் கட்சி. "கோடு இம்மிடி வடக்கால தள்ளி விழுந்திருந்தா நான் இந்நேரம் அஞ்சு புஸ்தகம் போட்டிருப்பேன், கேட்டியா?" கோடு விழுந்தபோது அவர் பிறக்கவே இல்லை.

எழுத்தாளர்களின் எழுத்தைவிட அவர்கள் செய்த தொழிலை அண்ணன் ஆழ்ந்து கற்றவர். தோப்பில் முகமது மீரானுக்கு வத்தல் வியாபாரம். மலையாளத்தில் படித்தவர், 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது. ஆ. மாதவனுக்குத் திருவனந்தபுரம் சாலைத்தெருவில் கடை, 2015-இல் விருது. நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர்; 2007. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. இந்தப் பட்டியலிலிருந்து அண்ணன் எடுத்த முடிவு: தெற்கே நாவல் எழுத முதலில் ஒரு கடை வேண்டும். போட்டார், பனச்சமூட்டில். கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களைக் கவனித்தார். கவனித்துக்கொண்டிருந்ததில் மனிதர்கள் கடன் சொல்லிச் சாமான் வாங்கிப் போனார்கள். ஒன்பதாவது மாதம் மைனி வந்து பூட்டுப் போட்டாள்.

பிறகு மலையாள எழுத்தாளர் பஷீரைப் பிடித்தார். பேப்பூரில் மாங்கோஸ்டீன் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தவரல்லவா பஷீர்? அண்ணனும் ஒரு மாங்கோஸ்டீன் கன்று நட்டார். அது இடுப்பளவு வந்து யோசித்துக்கொண்டே நிற்கிறது. அதுவரைக்கும் நாற்காலியை ரப்பர் மூட்டில் போட்டார். வெயில் ஏறினால் ரப்பர்க் காய் பட்டென்று வெடிக்கும், விதை நாலா பக்கமும் தெறிக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி தண்ணீரெடுக்க வரும் இடத்தில் ஒரு விதை அண்ணனின் நெற்றிப்பொட்டில் பட்டு, அவள் இன்னும் கிணற்றடியிலேயே நிற்கிறாள்.

தலைப்பில்தான் அண்ணன் மனசு உடைந்துபோனது. முதலில் வைத்த பெயர் 'ரப்பர்'. அறுபது சென்ட் ரப்பரின் நடுவில் குடியிருப்பவர் வேறு என்ன வைப்பார்? ஜெயமோகன் 1990-லேயே அந்தப் பெயரில் நாவல் போட்டுவிட்டார் என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு நாள் சாயாக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் 'புளியமரம்' என்றார். சுந்தர ராமசாமி, 1966 என்றேன். நெய்யாற்றின்கரைக் கோயிலில், எதிரிகளுக்குப் பயந்து மார்த்தாண்ட வர்மா பொந்துக்குள் ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப்பிலாவு நினைவுக்கு வந்து முகம் மலர்ந்தது. "ராஜா கதை எண்ணா சி.வி. ராமன் பிள்ளை 1891-லயே..." என்று நான் வாயெடுத்ததும், "லேய், எனக்கு எண்ணு ஒரு மரமாவது மிச்சம் இருக்குமா, இல்லியா?" என்று கேட்டார். மரச்சீனி இருக்கிறது என்றேன். அது மரமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பிரசுரம் ரப்பர் விலையைப் பொறுத்தது. முன்னூறு பிரதிக்குப் பாதிச் செலவை ஆசிரியர் ஏற்கவேண்டும் என்று ஒரு பதிப்பகம் சொல்லியிருந்தது. 2011 ஏப்ரலில் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது பணம் இருந்தது, நாவல் இல்லை. 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே போனபோது கையெழுத்துப் பிரதி தயார், ஒட்டுப்பால் விற்ற காசு சாயாவுக்கே காணாது. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240-ஐத் தாண்டியது. அதற்குள் மகளின் நர்சிங் படிப்புக்காக மரங்களைக் கடும்வெட்டுக்கு விட்டு முறித்தாயிற்று.

ஆனாலும் என்னுரை தயார். சமர்ப்பணம் தயார். கன்னத்தில் கைவைத்த படம் மூன்று கோணத்தில் தயார். அகாதெமி ஏற்புரையில் மைனிக்கு நன்றி சொல்லும் பத்தி மட்டும் அவ்வப்போது, வீட்டு நிலவரத்தைப் பொறுத்து, திருத்தப்படுகிறது.

வெள்ளறடையில் மலையாளம்தான் அடிப்பார்கள் என்பதால், தட்டச்சுக்கு மார்த்தாண்டம் வரை பஸ் ஏறினார். அங்கே கணினியில் இருந்த பெண், "சார், நடுவிலே நடுவிலே உருண்டையா இருக்கே, இது என்ன எழுத்து?" என்று கேட்டாள். உணர்ச்சிவசப்படும் இடங்களில் அண்ணனுக்குக் கை மலையாள எழுத்துக்குப் போய்விடும். நாவலில் உணர்ச்சிகரமான இடங்கள் நிறைய.

பிரதியைப் படித்த பதிப்பகத்தார், வட்டாரச் சொற்களுக்கு ஒரு சொல்லகராதி வேண்டும் என்றார்கள். அங்கேதான் அண்ணன் விசுவரூபம் எடுத்தார். கடவு, கடத்து வள்ளம், சிரட்டை, புகைப்புரை, ஒட்டுப்பால், பெகளம் என்று இரவு பகலாக எழுதினார். பெகளத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம், உதாரணமெல்லாம் சொந்த வீட்டிலிருந்து. நெய்யாறு அணை 1958-இல் வந்த பிறகு அக்கரைக்காரர்களுக்குக் கடத்து என்ன ஆயிற்று என்று 'க' வரிசையில் எழுதியதைப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. 'உருள்பொட்டல்' என்ற சொல்லுக்கு நேரே '2001 நவம்பர் 9' என்று தேதி மட்டும் போட்டு விட்டிருந்தார். அந்த ராத்திரி அம்பூரியில் மலை இறங்கி 30-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. "அதுக்கு அர்த்தம் எழுதலியா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நாவல் 92 பக்கம். சொல்லகராதி 140.

போன வாரம் பதிப்பகத்திலிருந்து போன் வந்ததாம். அகராதி பிரமாதமாக இருக்கிறது, அதை மட்டும் தனியாகப் போடுகிறோம், காசு எதுவும் வேண்டாம் என்றார்களாம். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இடிந்துபோயிருப்பார் என்று நினைத்துச் சாயாக்கடைக்கு ஓடினேன். இரண்டு பழம்பொரி முடித்துவிட்டு மூன்றாவதில் இருந்தார்.

"தம்பி, ஆ. மாதவன் சாருக்கு அகாதெமி விருது எந்த நாவலுக்கு?"

"நாவலுக்கு இல்லண்ணே. 'இலக்கியச் சுவடுகள்'. கட்டுரைப் புஸ்தகம்."

"ஆங்" என்றார், எண்ணெய்க் கையை வாழையிலைத் துண்டில் துடைத்துக்கொண்டு. "கட்டுரைக்குக் கொடுப்பாங்கன்னா அகராதிக்கு என்னடே குறை?"