கலங்காதே பேராண்டி!

ஏலே பேராண்டி, நீ காய்ச்சின பீர் கலங்கலா இருக்குன்னு கிளாஸைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்லே நிப்பே? முறைச்சா அடங்குறதுக்கு அந்தக் கலங்கல் என்ன உன் தாத்தனா? நம்மூர்ல காய்ச்சினா போலீஸ் வரும். உன் அமெரிக்காவுல 1978-லேயே ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, வீட்டுல பீர் காய்ச்சிக்கோன்னு விட்டுட்டாரு. தெளிய வைக்கவும் அவரே சட்டம் போட்டிருக்கணுமாக்கும்!

முதல்ல கிளாஸைக் கையில பொத்திச் சூடாக்கு. சூடேறத் தெளிஞ்சா, அது குளிர்ல வந்த கலங்கல். பார்லியோட புரதமும், உமியிலயும் ஹாப்ஸ்லயும் இருக்கிற துவர்ப்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மிதக்கு. ருசிக்குக் கேடில்ல. சூடாகியும் தெளியலன்னா ஈஸ்ட், இல்ல மாவு. தனியா ஒரு கரண்டி எடுத்து அயோடின் விடு. கருநீலமாச்சுன்னா, மால்ட் ஊறுறதுக்குள்ள அவசரப்பட்டு வடிச்சிருக்கே. அந்தக் கரண்டியைத் திரும்ப உள்ள ஊத்திராதலே! புளிச்ச வாடை வந்தா என்னைக் கேக்காதே, சாக்கடையைக் கேளு.

கொதியில கடைசிப் பத்து நிமிஷம் தெளிய வைக்கிற ஐரிஷ் பாசி போட்டியான்னா முழிக்கே. சட்டுனு ஆத்தினியான்னா, அடுப்புலேயே விட்டுட்டுத் தூங்கிட்டேங்கே. நல்லாருக்கு!

இப்பவும் ஒண்ணும் குடி முழுகிப் போகல. பீரை 0 டிகிரிக்குப் பக்கத்துல உக்கார வை. இருபது லிட்டருக்கு ஜெலட்டின் ஒரு டீஸ்பூன். பச்சைத் தண்ணியில ஊறவச்சு, 65, 70 டிகிரி வரைக்கும் சூடாக்கி ஊத்து. கொதிக்க விட்டா அதோட சத்து போயிரும். ரெண்டு மூணு நாள் அந்தப் பக்கமே போகாதே. ஆட்டிப் பாக்குற கை உனக்கு. மாட்டெலும்பு, பன்னித்தோலுல செய்யுற ஜெலட்டின் சமாச்சாரம் வேண்டாம்னு உன் பொண்டாட்டி சொன்னா, குளிர்லயே ஆறு வாரம் கிடக்கட்டும். தானா மண்டி இறங்கும்.

தேத்தாங்கொட்டை கொண்டாந்தீங்களான்னு கேட்டியே, அது சேத்துத் தண்ணிக்குலே. பானைக்குள்ள உரைச்சு விட்டா மண்ணு அடியில தங்கும். பீருக்குக் கேக்குமான்னு சோதிக்க என் வயிறு கிடைக்காது.

சனிக்கிழமை விருந்தாளி வாராகளா? அதுக்குள்ள தெளியலன்னாலும் கலங்காதே. பிளசென் ஊர்ல 1842-ல ஜோசஃப் குரோல் பொன்னிற லாகர் காய்ச்சுறதுக்கு முன்ன, பீர்னா பெரும்பாலும் கருப்பும் கலங்கலுந்தான். கல்லுக் குவளையில குடிச்சாக. உள்ள என்ன மிதக்குன்னு எவன் கண்டான்? அலமாரியில பீங்கான் கோப்பை அடுக்கி வச்சிருக்கீங்கள்ல, அதுல ஊத்திக் குடு. எனக்கு மட்டும் கிளாஸ்ல ஊத்து. தெளிஞ்சிருக்கான்னு யாராவது பார்த்துச் சொல்லணும்லா?