காற்றுக்குப் பட்டா

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று ஊராருக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதில் சுழலும் காற்றாலைகள் மட்டும் பெரும்பாலும், விரைவுத் தேய்மானம் எனப்படும், அதாவது இயந்திர விலையின் பெரும்பகுதியை முதலாண்டிலேயே இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்த வரிச்சலுகையை நாடிவந்த வெளியூர் முதலாளிகளுக்கு உரியவை. இந்த நியதியை மீறி, கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. வாரியத்துக்குப் பாக்கி வைப்பதே உள்ளாட்சிகளின் மரபாக இருக்க, அதனிடமே காசு வாங்கும் ஊராட்சி ஒழுங்கீனமானதுதான். நல்லவேளையாக, பார்வையிட வந்த குழுக்களில் பெரும்பாலானவை மனமாரப் பாராட்டினவே ஒழிய, பின்பற்றும் விபரீதத்துக்குத் துணியவில்லை.